முந்தியது எது? விசுவாசமும் மறுபிறப்பும் பற்றிய ஒரு விசாரணை



இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், தம் பெயர் மேடையிலும் அச்சிலும் வருதல் கூடாதென்று சாசனத்திலேயே எழுதி வைத்துச் சென்றவர். ஆகவே அவரைப் புகழும் கடமையிலிருந்து அவரே என்னை விடுவித்திருக்கிறார்.  சர்ச்சைக்குரிய கிறிஸ்தவ உபதேசம் ஒன்றைத் தமிழிலேயே ஆராய வேண்டும் என்பது சாசனத்தின் நிபந்தனை. அதை நிறைவேற்றுவதில் எனக்குச் சிரமம் இராது. இன்று எடுத்துக்கொள்ளும் பொருள் பற்றிச் சக ஆசிரியர்களோடு நான் நெடுங்காலமாக வழக்காடி வருவதையும், அவ்வழக்கு தேநீர் வேளைகளில் தொடங்கித் தேர்வுத்தாள் திருத்தும் அறை வரையில் சென்றிருப்பதையும் முன்வரிசையில் அமர்ந்திருப்போர் நன்கறிவர். இன்று அவர்கள் இடைமறிக்க இயலாது. இந்த வசதியை நான் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன்.

1. வினா

மனிதன் விசுவாசிப்பதனால் மறுபடியும் பிறக்கிறானா, மறுபடியும் பிறந்ததனால் விசுவாசிக்கிறானா? இவ்வினாவை இம்மண்டபத்தில் உள்ளோரில் பாதிப்பேராவது வேதபாட வகுப்பிலோ கன்வென்ஷன் பந்தலிலோ ஏதேனும் ஒரு வடிவத்தில் கேட்டிருப்பீர்கள். இரவில் வந்த நிக்கொதேமுவுக்கு இயேசு சொன்ன மறுமொழியில் பிறப்பு முன்னே நிற்கிறது. மறுபடியும் பிறவாதவனுக்குத் தேவராஜ்யத்தைக் காணவும் கூடாது. யோவான் தம் முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத் தொடக்கத்தில் விசுவாசிக்கிறவனைத் தேவனால் ஏற்கெனவே பிறந்தவனாகக் காட்டுகிறார். எபேசியருக்கு எழுதிய பவுலோ, மரித்தவர்களாயிருந்தவர்களை உயிர்ப்பித்த செயலைப் பேசிய பின்னரே விசுவாசத்தைப் பேசுகிறார். மறுபக்கம், கலாத்தியருக்கு எழுதுகையில் அதே பவுல் நம்மைத் தேவபுத்திரராக்குவது விசுவாசம் என்கிறார். விசுவாசித்து அதனால் ஜீவன் அடையும்படியே தம் சுவிசேஷம் எழுதப்பட்டதென யோவான் அதன் இருபதாம் அதிகாரத்தை முடிக்கிறார். இரு தரப்பாரும் வசனங்களை எண்ணிப் பார்த்துத் தத்தம் கட்சிக்கே வெற்றி என்று அறிவித்துக்கொள்வது நானூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது.

இவ்வழக்கின் ஐரோப்பியச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். இறையியலாளர் ஆர்மீனியஸ் 1609-இல் மறைந்தபின், அவருடைய கருத்தைத் தழுவிய ஒல்லாந்துப் போதகர்கள் 1610-இல் ஐந்து பிரிவுகள் கொண்ட விண்ணப்பம் ஒன்றை வரைந்தனர். அதற்கு மறுப்பாக டார்ட் நகரில் 1618 முதல் 1619 வரை கூடிய மகாசங்கம், மறுபிறப்பை மனிதனுடைய உதவியின்றித் தேவனே செய்யும் புது சிருஷ்டிப்பென்றும், அதன் விளைவாகவே மனிதன் மெய்யாய் விசுவாசிக்கிறான் என்றும் தீர்மானித்தது. பிற்காலத்தில் வெஸ்லி இதனை மறுத்தார். ஆயினும் கிருபை எல்லார்க்கும் முன்சென்று அவர்களை எழுப்பாவிடில் எவனும் விசுவாசிக்க இயலாது என்பதில் அவர் ஐயம் வைக்கவில்லை. ஆகவே, கிருபை முந்தியதா என்பதில் இரு தரப்பாருக்கும் வழக்கே கிடையாது. முந்தி வரும் அந்தக் கிருபை மனிதனை வெறுமனே விழிக்கச் செய்வதா, அவனைப் பிறப்பிப்பதே ஆகுமா என்பதே வழக்கு. இந்த எல்லைக்கல்லை நட்டுவிட்டால் கூச்சலில் பாதி அடங்கிவிடும். அடங்காமல் எஞ்சும் பாதியைப் பற்றியே இன்றைய உரை.

2. என் நண்பர்களின் மூன்று ஆட்சேபங்கள்

மறுபிறப்பே காரணம், விசுவாசம் அதன் காரியம் என்பது என் நிலை. இதற்கு எதிராக என் நண்பர்கள் கூறுவன மூன்று. முதலாவது, இது ஒல்லாந்துக் கப்பலில் வந்திறங்கிய சரக்கு. பக்தி மார்க்கத்தில் வளர்ந்த தமிழ் நெஞ்சு இயல்பாகவே முதலில் நம்பி, அந்த நம்பிக்கையின் பலனாகவே அருளைப் பெறும் என்பது. இரண்டாவது, பிறப்பு முந்தியதென்றால் பிரசங்கி வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதானே என்பது. மூன்றாவது ஆட்சேபம் என் கட்சியைச் சேர்ந்தவர்களிடமிருந்தே வருகிறது: பிறப்பு முந்தியதாயின், அது நிகழ்ந்த நாளை ஒருவன் அறிந்திருத்தல் வேண்டும், அறியாதவனைச் சபை அங்கத்தினனாக ஏற்றல் ஆகாது என்கின்றனர் இவர்கள். எதிர்க்கட்சியாரைக் காட்டிலும் இம்மூன்றாம் கூட்டத்தாரே எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தவர்கள். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துச் சபையொன்றில் திடப்படுத்தலுக்கு ஆயத்தப்படுத்தப்பட்ட இளைஞர்களிடம், இரட்சிக்கப்பட்ட தேதியை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். எழுத இயலாத ஒரு பெண்ணை அடுத்த ஆண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அச்செய்தியைக் கேட்ட நாளிலிருந்து இப்பொருளை வகுப்பறைக்குள் மட்டும் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

3. ஓர் அதிகாரம், இரண்டு வாய்கள்

அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பி நகரத்து ஆற்றங்கரையில் இரத்தாம்பரம் விற்கும் லீதியாள் பவுலின் உபதேசத்தைக் கேட்டிருந்தாள். அவள் செவிகொடுத்ததற்குக் காரணம் கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்ததே என்று லூக்கா எழுதுகிறார். அதே அதிகாரத்தில், அதே நகரத்தில், நள்ளிரவில் நிலம் அதிர்ந்து சிறைக்கதவுகள் திறந்தபோது, நடுங்கிக்கொண்டு ஓடிவந்த சிறைக்காவலன் தான் செய்யவேண்டியது யாதென்று கேட்கிறான். கர்த்தராகிய இயேசுவை விசுவாசி என்பதே அவனுக்குக் கிடைத்த விடை. உன் இருதயம் திறக்கப்பட்டதா என்று பவுல் அவனைச் சோதிக்கவுமில்லை; திறக்கப்படும் வரை பொறுத்திரு என்று சொல்லவுமில்லை.

என் நண்பர்கள் லீதியாளை ஒரு கட்சிக்கும் சிறைக்காவலனை மறு கட்சிக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுவர். அப்பங்கீடு தவறு. லீதியாளைப் பற்றிப் பேசுபவர் லூக்கா. நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துச் சரித்திரம் எழுதுகிறவர். சிறைக்காவலனிடம் பேசுபவர் பவுல். இனி நடக்கவேண்டியதை நோக்கி அழைக்கிறவர். திரும்பிப் பார்ப்பவன் வாயில் தேவனுடைய செயல் முன்னே வரும்; அழைப்பவன் வாயில் மனிதனுடைய விசுவாசம் முன்னே வரும். உண்மையான பூர்வாபரம் லூக்கா சொன்னதே. ஆயினும் அது பின்னோக்கிய பார்வையில் மட்டுமே மனிதருக்குப் புலப்படுவது. ஸ்தோத்திரத்தில் அறிக்கையிடவேண்டிய வரிசையைப் பிரசங்க பீடத்திலிருந்து கட்டளையாக்குவதும், பிரசங்கத்தின் வரிசையைச் சித்தாந்தமாக உயர்த்துவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். என் வாதம் முழுவதும் இவ்வளவே. இதனை நிலைநாட்டத் தமிழ் நாட்டிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் எளிதில் நிறுத்தமாட்டேன் என்பதை என் மாணவர்கள் உங்களுக்கு முன்னரே எச்சரித்திருக்கக்கூடும்.

4. கிருஷ்ண பிள்ளையும் அவருடைய யாத்திரிகனும்

திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827-இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, கம்பராமாயணம் ஓதப்படும் வீட்டில் வளர்ந்து, இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்று, 1853-இல் சாயர்புரத்து மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக அமர்ந்தார். மிஷனாரிகளிடம் ஊதியம் பெற்றாரேயன்றி அவர்கள் மதத்தை அவர் மதித்தாரல்லர். அங்கிருந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1858 ஏப்ரல் 18-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்று, ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை ஆனார். இடைப்பட்ட காலத்தில் உடன்பிறந்தார் முத்தையா பிள்ளையும் நண்பர் தனக்கோடி ராஜுவும் அவருக்கு முன்னரே கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டனர். தாம் கிறிஸ்தவரான வரலாற்றைப் பின்னாளில் உரைநடையில் அவரே எழுதியும் வைத்தார்.

இந்த ஐந்து ஆண்டுகளை என் நண்பர்கள் முன் வைத்துக் கேட்கிறேன்: இவற்றுள் எந்த நாளில் அவர் மறுபடியும் பிறந்தார்? 1858 ஏப்ரலில் என்பீர்களாயின், குடும்பத்தையும் சாதியையும் துறக்க நேருமே என்று அஞ்சிக்கொண்டே சத்தியத்தை விடமாட்டாமல் தவித்த முந்திய மாதங்களின் தவிப்பு யாருடையது? மரித்த ஆத்துமா அப்படித் தவிக்குமா? தவிப்பு தொடங்கிய நாளில் என்பீர்களாயின், அத்தவிப்பு எந்தக் காலையில் தொடங்கிற்று என்று அவராலேயே சொல்ல இயலுமா? முதல் விடையைச் சொல்வோர் தவிப்பை வெறும் விழிப்பாக்கி விடுகிறார்கள்; இரண்டாம் விடையைச் சொல்வோர் ஞானஸ்நானத்தின்போது அவர் வாய்திறந்து செய்த விசுவாச அறிக்கையைச் சடங்காக்கி விடுகிறார்கள். இரண்டுமே அம்மனிதருக்கு இழைக்கும் அநீதி.

அவர் தம் விடையை வாதமாக எழுதவில்லை, காப்பியமாகப் பாடினார். ஜான் பனியனின் மோட்ச பிரயாணக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாகவும், மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட செய்யுட்களாகவும் விரிந்து, 1894-இல் நூலுருப் பெற்றது. கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைப் போற்றிய தமிழுலகம் அந்நூலின் சந்தத்தையும் வருணனையையும் பாராட்டியது. அதன் சித்தாந்த அமைப்பை ஆராய்ந்தவர் சிலரே.

முதலில் மூலநூலைக் காண்போம். பெட்போர்டு சிறையில் 1660 முதல் 1672 வரை அடைபட்டிருந்த பனியன், தம் நூலின் முதற்பாகத்தை 1678-இல் வெளியிட்டார். கையில் ஒரு புத்தகமும் முதுகில் பெருஞ்சுமையுமாகக் கந்தல் உடுத்து நின்று அழும் ஒரு மனிதனோடு கதை தொடங்குகிறது. சுவிசேஷகன் என்பான் தூரத்திலுள்ள சிறுவாசலைச் சுட்டிக்காட்டுகிறான். மனிதன் ஓடுகிறான், அவநம்பிக்கைச் சேற்றில் விழுந்து எழுகிறான், சிறுவாசலில் நுழைகிறான், வியாக்கியானியின் வீட்டில் பல காட்சிகளைக் காண்கிறான், அதன் பின்னரே சிலுவையண்டை வந்து சேர, சுமை தானாக அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் மறைகிறது. அங்கே ஒளிவீசும் மூவர் தோன்றி, ஒருவர் பாவமன்னிப்பை அறிவிக்க, ஒருவர் கந்தலைக் களைந்து புத்தாடை உடுத்த, ஒருவர் நெற்றியில் அடையாளமிட்டு முத்திரையிட்ட சுருள் ஒன்றைக் கையளிக்கிறார்.

இம்மனிதன் எங்கே மறுபடியும் பிறந்தான்? சிலுவையண்டை என்பர் விசுவாசம் முந்தியதென்போர். சுமை விழுந்ததும் ஆடை மாறியதும் அங்கேயன்றோ என்பர். ஆனால் பனியன் செய்திருக்கும் ஒரு நுட்பமான காரியத்தைக் கவனியுங்கள். கதைத் தொடக்கத்தில் பெயரின்றி ஒரு மனிதனாக மட்டும் திரிந்தவனுக்குக் கிறிஸ்தியான் என்ற பெயரை ஆசிரியர் வழங்குவது சிலுவையண்டையன்று, சிறுவாசலிலுமன்று. ஊரைவிட்டு ஓடத் தொடங்கியவனைத் தடுத்து இழுத்துச்செல்ல அயலார் வந்து வாதாடும் இடத்திலேயே, சேற்றுக்கும் முன்னரே அப்பெயர் வந்துவிடுகிறது. பின்னர் அலங்கார மாளிகையின் வாசலில் காவலன் பெயர் கேட்டபோது, தன் பழைய பெயர் கிருபையற்றவன் என்பது என்று அவனே விடை கூறுகிறான். கிருபையற்றவன் எந்த இடத்தில் கிறிஸ்தியான் ஆனான் என்பதை அவனும் சொல்லவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை. இதனைக் கதை சொல்லும் வசதி என்று என் நண்பர் ஒருவர் தள்ளிவிடப் பார்த்தார். வசதிக்காக மட்டும் இட்ட பெயராயின், பழைய பெயரை மாளிகை வாசலில் மீண்டும் எழுப்பவேண்டிய அவசியம் யாது?

வியாக்கியானியின் வீட்டிலுள்ள ஒரு காட்சியும் இங்கே நினைக்கத்தக்கது. சுவரோரம் எரியும் நெருப்பின்மேல் ஒருவன் இடைவிடாது தண்ணீர் ஊற்றுகிறான். நெருப்போ மேலும் ஓங்கி எரிகிறது. சுவரின் மறுபுறம் அழைத்துச் சென்று காட்டுகையில், அங்கே மற்றொருவர் மறைவில் நின்று எண்ணெய் வார்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது. கிறிஸ்துவே அவ்வாறு வார்ப்பவர் என்று வியாக்கியானி விளக்குகிறான். சுமை இன்னும் முதுகில் இருக்கும் யாத்திரிகனுக்கு இக்காட்சி காட்டப்படுகிறது என்பதே இதன் சிறப்பு. எண்ணெய் முந்தியது, ஆனால் சுவரின் மறுபுறம் அழைத்துச் செல்லப்பட்ட பின்னரே அதனைக் காணலாகும்.

லண்டன் மாநகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் பிரசங்கியாய் விளங்கிய ஸ்பர்ஜன், பனியனை உயிராய் நேசித்தவராயினும், இக்கதையில் ஒரு குறை கண்டார்: சுவிசேஷகன் சிறுவாசலைக் காட்டியதற்குப் பதிலாக நேரே சிலுவையைக் காட்டியிருக்க வேண்டும் என்றார். ஸ்பர்ஜன் யார்? மறுபிறப்பு முந்தியது என்ற சித்தாந்தத்தை ஆயுள் முழுவதும் கைவிடாதவர். அவரே, பாவியிடம் பேசும் வேளையில் விசுவாசத்துக்கு முன் யாதொரு படியும் வைத்தலாகாது என்று பனியனைக் கடிந்துகொண்டார். சித்தாந்தத்தில் பிறப்பையும் அழைப்பில் விசுவாசத்தையும் முன்னிறுத்தி, இரண்டிலும் உறுதியாய் நின்ற ஒருவர் பிரசங்கியாக வாய்மூடி இருந்தாரா என்பதை என் இரண்டாம் ஆட்சேபக்காரர் யோசிக்கட்டும்.

இனிக் கிருஷ்ண பிள்ளையிடம் திரும்புவோம். பனியன் சிலுவைக் காட்சியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறார்; கிறிஸ்துவின் பாடுகளை அங்கே அவர் சரித்திரமாகச் சொல்வதில்லை. தமிழ்க் கவியோ குமார பருவத்தில் இயேசுவின் சரிதத்தையும், அவர் பட்ட பாடுகளையும், சிலுவை மரணத்தையும் கம்பன் வழிவந்த நடையில் விரித்துப் பாடுகிறார். யாத்திரிகனின் கதையில் யாத்திரிகன் வெகுநேரம் மறைந்துபோய், அவனுக்காக நடந்தது முன்னே வந்து நின்றுவிடுகிறது. காப்பிய மரபில் இதனை வருணனை மிகுதி என்று விளக்கலாம். நான் அவ்வாறு கொள்ளவில்லை. தன் நடையால் எதையும் சம்பாதித்துக்கொள்ளாத ஒருவனுடைய பிரயாணத்தைப் பாடும் கவி, அவன் நடக்கத் தொடங்குவதற்கு முன்னரே முடிந்துவிட்ட செயலுக்கு இடத்தைப் பெருக்கிக் கொடுத்திருக்கிறார்.

மேலும் ஒன்று. காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்ற பெயரில் இசைப்பாக்களை அவர் அமைத்திருக்கிறார். கதையோட்டத்தில் யாத்திரிகன் கேட்கிறான், எழுகிறான், ஓடுகிறான், நுழைகிறான், வினைச்சொற்கள் அவனுடையவை. இசைப்பாக்களில் அவன் வாய்திறக்கும்போதோ, வினைகள் யாவும் இறைவனுடையவை ஆகிவிடுகின்றன. ஒரே நூலில், ஒரே மனிதனைப் பற்றி, இவ்விரு வரிசைகளும் ஒன்றையொன்று தள்ளாமல் நிற்கின்றன. பிலிப்பியில் லூக்காவும் பவுலும் பேசிய இரண்டு வாய்கள் இங்கே ஒரே பாத்திரத்துக்கு வாய்த்திருக்கின்றன. இச்சமரசத்தைக் கிருஷ்ண பிள்ளை டார்ட் சங்கத்துத் தீர்மானங்களைப் படித்துக் கற்றுக்கொண்டார் என்று எவரும் சொல்லார். வைணவ வீட்டில் பாசுரங்களைக் கேட்டு வளர்ந்த செவிக்கு, அருளைப் பாடும் முறை ஞானஸ்நானத்துக்கு முன்னரே பழகியிருந்தது. இது என்னை முதல் ஆட்சேபத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

5. பூவிருந்தவல்லிச் சாலையில்

நாம் கூடியிருக்கும் இப்பகுதி, அவ்வாட்சேபத்துக்குத் தானே விடை தரவல்லது. திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் இங்கிருந்து கூப்பிடு தூரம். திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் வைசிய குலத்திற் பிறந்து, காஞ்சி வரதனுக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்தவர்; இராமாநுசருக்காக அவர் வரதனிடம் கேட்டுவந்து சொன்ன ஆறு வார்த்தைகளை வைணவர் இன்றும் போற்றுவர். சரணாகதியே உபாயம் என்பதும், சரணடைந்தவனுக்கு மரண காலத்து நினைவு அவசியமில்லை என்பதும் அவற்றுள் அடங்கும். கடைசி மூச்சில் மனிதன் நினைக்கத் தவறினாலும் இறைவன் தவறமாட்டான் என்பது இதன் உட்கிடை.

இந்த விதையே பிற்காலத்தில் இரு கிளையாயிற்று. தாயின் வயிற்றை இறுகப் பற்றும் குரங்குக்குட்டி போலச் சீவன் பற்றவேண்டும் என்று வடகலையாரும், தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டி போலச் சீவன் வாளா இருக்க இறைவனே பற்றுவான் என்று தென்கலையாரும் கூறினர். சீவன் ஈசனைப் பற்றுவது ஸ்வகத ஸ்வீகாரம், ஈசன் சீவனைப் பற்றுவது பரகத ஸ்வீகாரம் என்று பிள்ளை லோகாசாரியர் பிரித்துப் பின்னதை உயர்த்தினார். வேதாந்த தேசிகரோ, பிரபத்தி என்னும் சரணாகதி அருளுக்கு ஒரு வியாஜமாக, அதாவது சாக்காக, வேண்டப்படும் என்றார். இது ஒல்லாந்தர் 1610-இல் பழவேற்காட்டில் காலூன்றுவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே காஞ்சியிலும் திருவரங்கத்திலும் நடந்த வழக்கு. பக்தியுள்ள தமிழன் இயல்பாகவே விசுவாசத்தை முன்வைப்பான் என்ற ஆட்சேபம் இதற்கு மேல் நிற்காது.

ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. பூனைக்குட்டி கவ்வப்படும் முன்னரே பூனையின் குட்டிதான். வைணவ சித்தாந்தத்தில் சீவன் என்றென்றும் இறைவனுக்கே உரியவன். பிள்ளையல்லாதவன் பிள்ளையாவது எவ்வாறு என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. கிறிஸ்தவ வழக்கில் அதுவே கேள்வி. ஒற்றுமையைக் கண்டு மகிழும் என் நண்பர்கள் சிலர் இவ்வேற்றுமையைக் காணாமற் போய்விடுகின்றனர்.

6. பதிவேட்டின் வரிசை

மூன்றாம் ஆட்சேபக்காரருக்குச் சரித்திரத்திலிருந்து இரண்டு எச்சரிக்கைகள். யாழ்ப்பாணத்தை 1658-இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் டார்ட் சங்கத்தின் பிள்ளைகள். மறுபிறப்பு தேவனுடைய செயலே என்று அவர்களைக் காட்டிலும் அழுத்தமாய்ச் சொன்னவர் இலர். ஆயினும் உத்தியோகமும் சொத்துரிமையும் ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டு, பெயர்கள் பள்ளித் தோம்புகள் என்னும் பதிவேடுகளில் ஏறின. 1796-க்குள் ஆங்கிலேயர் ஆட்சி வந்ததும் அப்பெயர்களுக்குரியோர் பெருங்கூட்டமாய்ப் பழைய வழிக்கே திரும்பினர். மறைவான செயலை ஏட்டிலே பதிக்க முயன்றதன் பலன் அது.

மற்றொன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் உதயமான தென்னிந்தியத் திருச்சபை, ஞானஸ்நானம் பெற்ற குழந்தையை மறுபடி பிறந்ததாக அறிக்கையிடும் 1662-ஆம் ஆண்டு ஜெப புத்தகத்தாரையும், வெஸ்லியின் வழியினரையும், வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையை ஏற்ற பிரெஸ்பிற்றேரியரையும் ஒரே பந்தியில் அமர்த்தியது. மூவரும் இவ்வினாவுக்கு மூன்று விடை உடையவர். மூன்றையும் ஒன்றாக்காமலே மூவரையும் ஒன்றாக்கிய அந்த விவேகத்தை, தேதி கேட்கும் குழுக்கள் இன்று கலைத்துக்கொண்டிருக்கின்றன.

7. இனிச் செய்யத்தக்கவை

நேரம் கடந்துவிட்டதெனத் தலைவர் சைகை காட்டுகிறார். எஞ்சியவற்றைப் பெயரளவில் சொல்லி அமர்கிறேன். 1938-இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டை முன்னிட்டு வெளிவந்த நூலில், கிறிஸ்தவனைப் புது சிருஷ்டி என்று பேசிய செஞ்சையாவின் எழுத்துக்கள் இக்கோணத்தில் ஆராயப்பட வேண்டும். அவரோடு நின்ற சக்கரை, பக்தி மார்க்கமாகக் கிறிஸ்தவத்தை விளக்கிய பேராயர் அப்பாசாமி ஆகியோரும் அவ்வாறே. 1904 டிசம்பரில் தரிசனம் கண்டு, 1905-இல் ஞானஸ்நானம் பெற்ற சாது சுந்தர் சிங்கின் கதை, தேதி கேட்போரின் கோட்டையாகக் கருதப்படுகிறது. தரிசனத்துக்கு முந்திய அவருடைய அமைதியின்மையை யாரேனும் தனியே எழுத வேண்டும். இரட்சணிய யாத்திரிகத்தின் தேவாரப் பகுதிகளுக்கு இறையியல் நோக்கில் ஓர் உரை வேண்டும். பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணத்தையும் டார்ட் தீர்மானங்களையும் பக்கம் பக்கமாக ஒப்பிடும் ஆய்வுக்கு இருமொழிப் புலமையுள்ள மாணவர் தேவை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றிய காலத்தில் தென் மாவட்டங்களிலிருந்து குடிவந்த குடும்பங்கள், பெந்தெகொஸ்தே சபைகளிலும் நம் சபைகளிலும் சொல்லிவரும் சாட்சிகளைத் தொகுத்தால், மக்கள் தம் விசுவாசத்தின் தொடக்கத்தை எங்கே வைக்கிறார்கள் என்பது தெரியவரும். இவற்றுள் ஒன்றையேனும் இவ்வறக்கட்டளை மேற்கொள்ளுமாக.

என் தீர்ப்பு இது: மறுபிறப்பே முந்தியது, அதை அறிக்கையிடும் உரிமை விசுவாசித்தவனுக்கு மட்டுமே உண்டு, விசுவாசியாதவனிடம் விசுவாசி என்பதைத் தவிர வேறெதையும் சொல்லச் சபைக்கு அதிகாரமில்லை. என் சக ஆசிரியர்கள் இதனை மறுப்பார்களாயின், அடுத்த ஆண்டுச் சொற்பொழிவு அவர்களுக்கே வழங்கப்படட்டும். அதுவரையில், இங்கே வந்திருக்கும் ஆயர்களையும் சபைக்குழு அங்கத்தினர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: திடப்படுத்தலுக்கு வரும் பிள்ளைகளிடம் நீங்கள் கொடுக்கும் விண்ணப்பத் தாளில் இரட்சிக்கப்பட்ட தேதிக்கென்று ஒரு வரி இருக்குமாயின், அதை இந்த ஆண்டே நீக்கிவிடுங்கள், கிறிஸ்துவை விசுவாசிக்கிறாயா என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள்.